பாட்டைப் பற்றி ஒரு வரி எழுதினீர்களா?

என் நைனா குடிகாரர் இல்லை.

இதை எங்கே போய்ச் சொல்வது என்று தெரியாமல் இத்தனை காலம் தொண்டைக்குள்ளேயே வைத்திருந்தேன். எழுதியவர்களிடம் போய்ச் சொன்னேன், எடுபடவில்லை. படித்துவிட்டு என் கையைப் பிடித்துக் கண் கலங்கியவர்களிடம் சொன்னேன், செத்துப்போன அப்பனை விட்டுக்கொடுக்காத நல்ல பிள்ளை என்று தோளைத் தட்டினார்கள். நான் சொல்வது உண்மை என்று ஒருவர்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அச்சில் வந்துவிட்டதே! அச்சில் வந்ததற்கு முன்னால் என் வாய்ச்சொல் எந்த மூலைக்கு?

நைனா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். 1996-ல் மில்லை மூடியதும் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனார். சம்பளம் வாங்கின அன்றைக்குக் கூட்டாளிகளோடு கொஞ்சம் குடிப்பார், வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். அம்மா மேல் ஒரு நாளும் கை வைத்தது இல்லை. வியாசர்பாடியில் எங்கள் பக்கத்துத் தெருக்களில் சாவு விழுந்தால் சட்டி மேளம் அடிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். எனக்குப் பேச்சு வருவதற்கு முன்னாலேயே தாளம் வந்தது என்று ஆயா சொல்லும். மடியில் உட்காரவைத்து, என் இரண்டு கையையும் பிடித்துத் தன் தொடைமேல் அடிக்கவைத்தே பழக்கியவர் அந்த மனுஷன்.

கானா பாடுகிற என்னைப் பேப்பருக்காகப் பேட்டி எடுக்க வந்தவரிடம் இத்தனையும் சொன்னேன். சட்டிக்கும் டேப் மேளத்துக்கும் அடி எப்படி மாறும், பாடை தெருமுனை திரும்பும்போது ஏன் வேகம் கூடும், அதை நைனா எனக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தார், எல்லாம் தொடையில் தட்டிக் காட்டினேன். அவர் நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். “அப்பா குடிப்பாரா?” எப்பவாவது குடிப்பார் என்றேன். அதை எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வந்தது. குடிகாரத் தந்தை, அடி உதை, பசி, அந்தப் பசியில் பிறந்த கானா என்று போட்டிருந்தது. நான் சொல்லாத அடி, நான் படாத உதை.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் படம் பேப்பரில் வந்திருக்கிறது என்றதும் தெருவில் உள்ள அத்தனை பேரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, எதிர்வீட்டுப் பிள்ளையை நடுவில் உட்காரவைத்து, சத்தமாகப் படி என்றாள். அந்தப் பிள்ளை அந்த வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டது. “படிம்மா, அப்புறம் இன்னா போட்டிருக்கான்?” என்றாள். கடைசி எழுத்து வரை கேட்டாள். எல்லோரும் போன பிறகு என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “அவரு போயி இன்னும் வருஷம் திரும்பல. நீயாடா சொன்ன?”

நீயாடா சொன்ன. இந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? நான் சொல்லவில்லை, அவர்களாக எழுதிக்கொண்டார்கள் என்றேன். அவள் நம்பினாளா? நீங்களாக இருந்தால் நம்புவீர்களா? பேப்பர்காரனுக்கு என் புருஷன் மேல் என்ன பகை, அவன் ஏன் பொய் எழுதப் போகிறான் என்று அவள் நினைத்திருக்க மாட்டாளா? இன்றைக்கு வரைக்கும் அந்தப் பேப்பரை அவள் தொடவில்லை. நான் பாடப் போகிற இடத்துக்கும் வருவதில்லை.

திருத்தம் போடச் சொல்லி ஆபீசுக்குப் போனேன். கீழேயே உட்காரவைத்தார்கள். ரொம்ப நேரம் கழித்து ஒருவர் இறங்கி வந்தார். மரியாதையாகத்தான் பேசினார், குறை சொல்ல மாட்டேன். “தம்பி, இது உங்களுக்கு நல்ல கவரேஜ்தானே? எவ்வளவு பேர் பாராட்டறாங்க! சின்ன விஷயத்தைப் பெருசு பண்ணாதீங்க” என்றார். செத்த மனுஷனின் மானம் சின்ன விஷயமா சார்? உங்கள் அப்பாவைப் பற்றி ஒருவன் இப்படி எழுதினால் சின்ன விஷயம் என்று விட்டுவிடுவீர்களா? பார்க்கிறேன் என்றார். திருத்தம் வரவில்லை. இப்போதும் என் பெயரைப் போட்டுத் தேடினால் முதலில் வந்து நிற்பது அந்தக் கட்டுரைதான். நாளைக்கு என் மகன் தேடுவான். அவன் தாத்தாவை அவன் அப்படித்தான் தெரிந்துகொள்வான்.

அந்தக் கட்டுரைக்குப் படம் எடுத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் காலையில் என் வீட்டுக்காரி ஒரு நல்ல சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். பாட்டுப் பதிவு செய்கிற அறையில், மைக்குக்கு முன்னால் நின்று எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்கு ஆசை. அறை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. மாடியில் தகரக் கொட்டகை, சுவர் முழுக்கப் பழைய மெத்தை பஞ்சைத் துணியில் சுற்றி அடித்திருக்கிறோம், எதிரொலி வராமல் இருக்க. ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், கடன் வாங்கின ஸ்பீக்கர். எனக்கு அதுதான் கோயில். படம் எடுக்க வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, லைட் இல்லை என்றார். சரி என்றேன். பிறகு கேப்டன் காட்டன் கால்வாய்க்கரைக்குக் கூட்டிப் போனார். குப்பை குவிந்திருக்கும் இடமாகப் பார்த்து நிற்கச் சொன்னார். நின்றேன். சட்டையைப் பார்த்தார். “இதைக் கழட்டிட்டு வீட்ல போட்டுக்கிற மாதிரி சாதாரணமா ஒண்ணு போட்டுக்கறீங்களா?”

நான் ஏன் நல்ல சட்டை போடக்கூடாது?

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவின் முதல் கச்சேரி நடந்தபோது கூட்டத்தில் நானும் நின்றேன். மேடையில் பத்தொன்பது பேர். கானா பாடுகிறவர்களும் பறை அடிக்கிறவர்களும் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வந்து வரிசையாக நின்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் அண்ணன்மார்கள் அந்த உடையில் அந்த வெளிச்சத்தில் நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. இனிமேல் நம்மைக் கால்வாய்க்கரையில் நிற்கவைக்க ஒருவனுக்கும் மனசு வராது என்று அன்றைக்கு நம்பினேன். எத்தனை பேப்பர் எழுதியது, எத்தனை டி.வி. காட்டியது! அதற்குப் பிறகும் என்னிடம் வந்து சட்டையைக் கழட்டச் சொன்னார்கள்.

இவ்வளவுக்கும் அவர்களை நான் கூப்பிட்டதே பாட்டுக்காகத்தான். சொந்தமாக ஒரு ஆல்பம் போட்டிருந்தேன். ஏழு பாட்டு. வீட்டுக்காரி சங்கிலி அடகுக்குப் போனது. சினிமா கம்பெனி இல்லை, ஆடியோ கம்பெனி இல்லை, எழுதியது, மெட்டுப் போட்டது, பதிவு செய்தது எல்லாம் நாங்களே. சாவு வீட்டு அடியை வைத்துக்கொண்டு ஒரு தாலாட்டு செய்திருந்தேன். செத்துப்போன தகப்பனுக்குப் பிள்ளை பாடுகிற தாலாட்டு. அதில் சட்டியை முழுக்கக் கையால் அடிக்கவே விடவில்லை, விரல்நுனியால் மட்டும் தட்டச் சொல்லிப் பதிவு செய்தோம். ராத்திரி ரயில் சத்தம் அடங்கின பிறகுதான் அதை எடுக்க முடிந்தது. இதையெல்லாம் யாராவது கேட்பார்கள், கேட்டு எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். அரைப் பக்கக் கட்டுரையில் அந்த ஆல்பத்துக்குக் கிடைத்த இடம், ‘தனியாக ஆல்பமும் வெளியிட்டிருக்கிறார்’ என்று ஒரு வரி. பெயர்கூட இல்லை. பெயர் தெரியாத பாட்டை எவன் போய்த் தேடிக் கேட்பான்?

என் வறுமையைப் பற்றி எழுதினீர்கள். என் தெருவைப் பற்றி எழுதினீர்கள். நான் சாப்பிடாமல் இருந்ததாக எழுதினீர்கள். பாட்டைப் பற்றி ஒரு வரி எழுதினீர்களா?

எழுதத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. உங்களுக்குத் தெரியும். இந்தத் தமிழ்ப் பத்திரிகைகள் பாட்டைப் பற்றி எழுதத் தொடங்கி நூறு வருடம் ஆகப்போகிறது. கல்கி ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் சங்கீத விமர்சனம் எழுதினார். சுப்புடு எழுதினால் வித்வான்களே நடுங்குவார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். 1928-ல் தொடங்கின மியூசிக் அகாடமியில் இன்றைக்கும் மார்கழி வந்தால் யார் என்ன ராகம் எடுத்தார், ஆலாபனையில் எங்கே நின்றார், நிரவல் எப்படி இருந்தது, மேல் ஸ்தாயியில் குரல் ஒத்துழைத்ததா என்று பத்தி பத்தியாக வருகிறது. வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார், கடம் இன்னார் என்று கூட வாசித்தவர்கள் பேரும் மறக்காமல் வரும். அந்த வித்வான் அப்பா குடிப்பாரா என்று எவரும் கேட்பதில்லை. கேட்கவும் கூடாது. அந்த மரியாதை அவர்களுக்குச் சேர வேண்டியதுதான், அவர்கள் மேல் எனக்கு ஒரு பொறாமையும் இல்லை. அதே காதுதானே உங்களுக்கு? எங்கள் பக்கம் வரும்போது மட்டும் அந்தக் காதை ஏன் வீட்டில் வைத்துவிட்டு வருகிறீர்கள்?

என்கூட டோலக் வாசிக்கிறவர் என்னைவிட மூத்தவர். நைனாவோடு சேர்ந்து வாசித்தவர். அவர் கை இல்லையென்றால் என் பாட்டு நிற்காது. பேட்டியில் அவர் பெயரை மூன்று தடவை சொன்னேன், ஊர் சொன்னேன், எழுத்துக்கூட்டிச் சொன்னேன். படத்தில் அவரும் இருந்தார். படத்துக்குக் கீழே ‘குழுவினருடன்’ என்று போட்டிருந்தது. அவர் மகள் பத்தாவது படிக்கிறாள், பேப்பரைத் திருப்பித் திருப்பி அப்பா பேரைத் தேடினாளாம். அவர் என்னிடம் கோபப்படவில்லை. “வுடுப்பா, நமக்கு இன்னா புதுசா” என்றார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இப்போது போட்டோ எடுக்கிறார்கள் என்றால் எழுந்து வெளியே போய் நின்றுகொள்கிறார்.

பாடகர் அறிவு அண்ணனுக்கு நடந்ததை நாடே பார்த்தது. 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ உலகம் பூராவும் போனது. நிலம் இல்லாமல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய், அங்கேயும் வேர்விட முடியாமல் திருப்பி அனுப்பப்பட்ட சனங்களின் கதை அது. அவருடைய பாட்டி வள்ளியம்மாள் வாழ்ந்த வாழ்க்கை அது. அந்த வருடம் ஆகஸ்டில் அந்தப் பாட்டைப் பற்றிப் பேசின ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் அறிவு அண்ணன் படம் இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகு, ஊரெல்லாம் பேசின பிறகு, அவருக்கென்று தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. கேட்டால்தான் வருமா? கேட்க ஒரு ரஞ்சித் இல்லாதவன் என்ன செய்வான்? அடுத்த வருடம் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தது, அவர் மேடையில் இல்லை. மனசு வெந்து அவர் எழுதினார். மற்றவர்களும் தங்கள் தரப்பைச் சொன்னார்கள். யார் சரி, யார் தப்பு என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? எனக்கு வலித்தது வேறு. வாரக்கணக்கில் யாருக்கும் யாருக்கும் இடையே சண்டை என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்திலிருந்து கப்பல் ஏற்றி அனுப்பப்பட்ட அந்தச் சனங்களைப் பற்றி, 1964-ல் இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பிரதமர்கள் கையெழுத்துப் போட்டுத் தலை எண்ணிப் பிரித்துக்கொண்டார்களே அந்தக் கொடுமையைப் பற்றி, அந்தச் சண்டைப் பக்கங்களில் எவ்வளவு எழுதினீர்கள்? பாட்டு பேசியதே அதைத்தானே!

2024 மார்ச்சில் அந்தப் பாட்டின் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தாமே வாய் திறந்து, அந்தப் பாட்டிலிருந்து தங்களில் ஒருவருக்கும் ஒரு காசுகூட வந்து சேரவில்லை என்றார். அவ்வளவு பெரிய பாட்டுக்கே அந்தக் கதி. அப்படியென்றால் என் தகரக் கொட்டகைப் பாட்டுக்கு? ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் ஆயிரம் தடவை கேட்கப்படாத பாட்டுக்கு 2024-லிருந்து காசே கிடையாது. என் ஏழு பாட்டில் நாலு பாட்டு அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. காசுதான் இப்படியென்றால் பேரும் நிலைப்பதில்லை. கானா பாடுகிற இசைவாணி தங்கச்சியை 2020-ல் பி.பி.சி. உலகத்தின் நூறு பெண்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தபோது தலைமேல் தூக்கிவைத்துக் கொண்டாடினீர்கள். 2024 நவம்பரில், அவர் 2018-ல் பாடின ஒரு பாட்டைச் சிலர் தோண்டி எடுத்து ஆபாசமாகத் திட்டி, மிரட்டி, அந்தப் பெண் போலீசில் போய்ப் புகார் கொடுக்கிற நிலைமைக்குக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு ‘சர்ச்சை’ என்ற சொல்லை அவர் பேரோடு ஒட்டி ஓட்டினீர்களே, நாலு வருடத்துக்கு முன்னால் எழுதின அதே கைகள்தானே? சர்ச்சையை யார் கிளப்பினார்கள் என்று எழுத எத்தனை பேருக்கு மனசு வந்தது? தூக்குகிற கையை நம்பி நாங்கள் ஏறுகிறோம். இறங்கும்போது பிடிக்க ஒரு கையும் இல்லை.

இவ்வளவும் சொல்கிறேன், ஆனாலும் பேப்பரே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் என்னை வதைக்கிறது.

ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பது சட்டம். காரியத்துக்கு விடிய விடியப் பாடுவது எங்கள் வழக்கம். போலீஸ் வரும். அதற்கு முன்னால் எல்லாம் மைக்கைப் பிடுங்குவார்கள், டோலக்கை ஜீப்பில் ஏற்றுவார்கள், பையன்களை ஒருமையில் திட்டுவார்கள். கட்டுரை வந்த பிறகு ஒரு தடவை வந்த இன்ஸ்பெக்டரிடம் பந்தல்காரர் என்னைக் காட்டி, “பேப்பர்ல வந்தவரு சார்” என்றார். இன்ஸ்பெக்டர் என்னை ‘நீங்க’ என்றார். மைக்கை நிறுத்துங்க, கையால தட்டிப் பாடிக்குங்க என்று சொல்லிவிட்டுப் போனார். முப்பத்தைந்து வயதில் காக்கிச்சட்டை என்னை முதல்முறையாக ‘நீங்க’ என்றது. அந்த மரியாதையை எனக்கு வாங்கிக்கொடுத்ததும் நைனாவைக் குடிகாரர் ஆக்கின அதே காகிதம்தான். இதை நான் எந்தக் கணக்கில் எழுதுவது? மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்கப் போனபோது அந்தக் கட்டுரையை மடித்து எடுத்துப் போனேன். அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்துப் போனேன். இடம் கிடைத்தது. நைனா பேரைக் கெடுத்த வரியைக் காட்டி நைனாவின் பேரனுக்கு இடம் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு கேமராவோடு வந்தவர்கள் இன்னும் கொடுமை. நைனா செத்த ராத்திரியைப் பற்றிக் கேட்டார்கள். அவர் காரியத்துக்கு நானே பாடினேன், அதைச் சொல்லும்போது உடைந்துவிட்டேன். அழுது முடித்து முகத்தைத் துடைக்கிறேன், மைக்கில் சார்ஜ் போய்விட்டது என்றார் ஒரு பையன். பேட்டி எடுத்தவர் என் முழங்காலைத் தொட்டு, “அண்ணே, அதே ஃபீலோட இன்னொரு தடவை சொல்லிடறீங்களா?” என்றார். சொன்னேன். என் அப்பா செத்ததை நான் இரண்டாவது தடவை அழுது காட்டினேன். அந்த வீடியோவை லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். அந்த அழுகைக்கு நடுவில் நான் பாடின தாலாட்டை நீளம் கருதி வெட்டிவிட்டார்கள். வீடியோவில் வந்த விளம்பரக் காசு அவர்களுக்கு. எனக்கு ‘பாவம்’ என்று ஆயிரம் பேர் போட்டார்கள். ஒரு பாடகனுக்கு இதைவிட அவமானம் உண்டா?

அதைப் பார்த்துவிட்டுத்தான் கல்லூரிகளிலிருந்து கூப்பிட்டார்கள், சங்கங்களிலிருந்து கூப்பிட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள், ஷீல்டு கொடுத்தார்கள். சம்பளம் கேட்டால் முகம் மாறுகிறது. “மீடியா எல்லாம் வருவாங்க, உங்களுக்குத்தான் நல்ல எக்ஸ்போஷர்” என்கிறார்கள். வேன் வாடகை யார் கொடுப்பது? டோலக் வாசிக்கிறவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வருகிறாரே, அவர் வீட்டில் உலை எப்படி வைப்பது? பந்தல் போட்டவனுக்குக் காசு, சமையல்காரனுக்குக் காசு, ஃபோட்டோகிராபருக்குக் காசு, பாடினவனுக்கு மட்டும் கைதட்டல். வறுமையைப் பற்றி உருகி உருகி எழுதுகிறீர்களே, அந்த வறுமை எங்கேயிருந்து வருகிறது என்று இந்த மேடைகளில் வந்து ஒரு தடவை கேட்டு எழுதுங்களேன்.

இன்னொரு கேள்வி எல்லோரும் கேட்பார்கள். சினிமாவில் எப்போது? தேவா ஐயா காலத்திலிருந்து கானாவை சினிமாவில் கேட்கிறார்கள். 2012-ல் ‘அட்டகத்தி’ வந்த பிறகு கானா பாலா அண்ணனை ஊரே தெரிந்துகொண்டது. சந்தோஷம். ஆனால் அவர் அதற்கு முன்னாலும் பாடிக்கொண்டுதானே இருந்தார்? சினிமாவில் வந்த அன்றைக்குத்தான் ஒருவன் பிறக்கிறானா? தீப்பெட்டியைத் தட்டியும் பானையைத் தட்டியும் பாடிவிட்டுச் செத்துப்போன எங்கள் பெரியவர்கள் எத்தனை பேர், அவர்கள் பேரை எந்தப் பத்திரிகையில் போய்த் தேடுவது? என் ஏழு பாட்டு சினிமாவுக்குப் போகிற வழியில் உள்ள டீக்கடை இல்லை. அதுவே நான் வந்து சேர்ந்த இடம்.

ஒரே ஒருத்தியைச் சொல்ல வேண்டும். சின்னப் பத்திரிகை ஒன்றிலிருந்து ஒரு பெண் வந்தார். வீட்டுக்கு வரவில்லை, புளியந்தோப்பில் ஒரு காரியத்துக்கு நாங்கள் பாடிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தார். பெண்கள் பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்தவர் விடியும் வரை எழுந்திருக்கவில்லை. காலையில் டீ குடிக்கும்போது, “நாலு மணி போல டோலக் நடை மாறிச்சே, அது முன்னாடியே பேசி வச்சதா, இல்ல அப்ப தோணினதா?” என்று கேட்டார். டோலக் வாசிக்கிறவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவரிடம் நேராக ஒருவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். அந்தப் பெண்ணின் கட்டுரையில் டோலக் வாசிக்கிறவர் பேர் சரியாக வந்தது. எங்கள் ஆல்பத்தைப் பற்றியும் எழுதியிருந்தார். மூன்றாவது பாட்டில் வார்த்தைகள் கூடிப்போய்த் தாளத்துக்கு மூச்சுவிட இடம் இல்லை என்று எழுதியிருந்தார். படித்ததும் சுருக்கென்றது. அப்புறம் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! என்னிடம் குறை கண்டுபிடித்திருக்கிறார் என்றால் என் பாட்டைக் கேட்டிருக்கிறார். பாவம் பார்க்காமல், சக மனுஷனாகப் பார்த்துச் சண்டை போட்டிருக்கிறார். அந்தப் பக்கத்தை மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

கொரோனா வந்த வருடத்தில் அந்தப் பெண்ணுக்கு வேலை போய்விட்டது. பத்திரிகைகளில் அப்போது நிறையப் பேரை அனுப்பினார்கள். இப்போது வேறு ஏதோ வேலை பார்க்கிறார் என்றார்கள். விடியும் வரை உட்கார்ந்து கேட்கிற ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க உங்களுக்கு வழியில்லை. ஒரு மணி நேரத்தில் வந்து அழவைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு வழி இருக்கிறது. அந்த நோட்டுக்காரத் தம்பியைக்கூட நான் முழுசாக வெறுக்கவில்லை. அன்றைக்கே இன்னும் இரண்டு இடம் போக வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவரை அப்படி ஓடவிடுவது யார்? ‘குப்பத்துப் பையன் சாதித்தான்’ என்றால்தான் பக்கம் கொடுப்பேன், நல்ல பாட்டு ஒன்று வந்திருக்கிறது என்றால் கொடுக்க மாட்டேன் என்று மேலே உட்கார்ந்து முடிவு செய்கிறவர் யார்? உங்களைத்தான் கேட்கிறேன். பேர் சொல்லாமல் கேட்கிறேன், உங்களுக்குத் தெரியும். எங்கள் கண்ணீர் விற்கிறது, எங்கள் தாளம் விற்காது என்று உங்களுக்கு யார் சொன்னது? விற்றுப் பார்த்தீர்களா? ஒரு தடவையாவது?

அடுத்த ஆல்பம் முடியும் தறுவாயில் இருக்கிறது. இந்தத் தடவை ஆறு பாட்டு. நாலாவது பாட்டில் சட்டியும் வயலினும் எதிரெதிராகப் போகிறது. கடைசிச் சரணத்தில் டோலக்கை அடியோடு நிறுத்தியிருக்கிறோம். அது தைரியமா, தவறா என்று எங்களுக்குள்ளேயே சண்டை நடக்கிறது. யார் வேண்டுமானாலும் வாருங்கள், கதவு திறந்துதான் இருக்கும். நான் நல்ல சட்டை போட்டுக்கொண்டுதான் நிற்பேன். என் வீட்டைப் பற்றிக் கேட்டால் பதில் கிடையாது. நைனாவைப் பற்றிக் கேட்டால் அவர் அடித்த அடியை வாசித்துக் காட்டுவேன், அதை எழுதிக்கொள்ளுங்கள். நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்றே எழுதுங்கள், எந்த வரி, எந்த இடம் என்று சொல்லி எழுதுங்கள். வாசித்த அத்தனை பேர் பெயரையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கையில் கொடுப்பேன். முதலில் ஆறு பாட்டையும் உட்கார்ந்து கேட்க வேண்டும். இருபத்தெட்டு நிமிடம். அந்த இருபத்தெட்டு நிமிடத்தை எங்களுக்குக் கொடுக்க உங்களால் முடியுமா, முடியாதா?